நிறம் கலந்த எபாக்சி சொதப்பினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர் கொசப்பேட்டையிலும் ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் ஊர்களின் உள்தெருக்களிலும் நிற்கும் பழைய வீடுகளில் இன்னும் சிவப்பு ஆக்சைடு தரை இருக்கிறது, தேக்கு நிலைக்கதவு இருக்கிறது, கருங்கல் படி இருக்கிறது. தரையில் கீறல் விழுந்தால் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுகிறார்கள். நிலையின் மூலை உடைந்தால் இரும்புக் கதவு வந்துவிடுகிறது. எனக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கீறலையும் மூலை உடைப்பையும் நிறம் சேர்த்த எபாக்சி பசையால் (ரெசின் என்ற பசையையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கலந்து பூசுவது) வீட்டிலேயே அடைக்கலாம், கண்ணுக்குத் தெரியாமலும் அடைக்கலாம். பலர் முயன்று பார்த்து, ஒட்டாமலோ நிறம் சேராமலோ போனதும் கைவிட்டுவிடுகிறார்கள். உங்கள் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போவதற்காக இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் எபாக்சி இறுகிவிட்டது, மீதிப் பிரச்சினை பெரும்பாலும் நிறத்தில்தான், அதைத் திருத்த வழி உண்டு. பதிந்தால் எபாக்சி இறுகவே இல்லை. அப்போது நிறத்தைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை, இறுகாததை எடுத்தாக வேண்டும். சாதாரண வகை எபாக்சிக்கு இந்தச் சோதனையை மறுநாள் செய்யுங்கள், அன்று மாலையே அல்ல.

நகம் பதிகிறது, ரப்பர்போல் இருக்கிறது

எந்த இடத்தில் பதிகிறது என்று பாருங்கள். முழுக்க ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் அளவு தப்பியிருக்கிறது, அல்லது நிறத்துக்காகச் சேர்த்த பொருள் கெடுத்திருக்கிறது. அங்கங்கே திட்டுத்திட்டாக மென்மையாக இருந்தால் ரெசினும் ஹார்டனரும் சரியாகக் கலக்கவில்லை. கிண்ணத்தின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்துப் பூசினால் இப்படித்தான் ஆகும்.

அளவில் பெரும்பாலும் நடக்கும் தவறு, பரும அளவையும் எடை அளவையும் குழப்பிக்கொள்வது. அரால்டைட் ஸ்டாண்டர்டு வகைக்குப் பருமத்தில் 1:1, எடையில் 10:8. தராசில் வைத்து 10 கிராமுக்கு 10 கிராம் போட்டால் ஹார்டனர் கூடிவிடும். வேறு வகைகளுக்கு விகிதம் வேறு, அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். "மேஸ்திரி, இன்னும் கொஞ்சம் ஹார்டனர் ஊத்துனா சீக்கிரம் இறுகிடும்ல?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பது வழக்கம். இறுகாது. ரெசினின் மூலக்கூறும் ஹார்டனரின் மூலக்கூறும் கணக்காக ஒன்றோடொன்று பிணைகின்றன, மிஞ்சியது பிணைய ஆள் இல்லாமல் உள்ளேயே ஈரமாகக் கிடக்கும்.

நிறம் கலக்கும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. ரெசினில் பொடி போட்ட பிறகு பருமத்தை அளந்தால், பொடியின் பருமமும் ரெசின் கணக்கில் ஏறிவிடும். எனவே ரெசினை முதலில் எடை போடுங்கள், அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு பொடியைச் சேருங்கள், ஹார்டனரைக் குறித்த எண்ணுக்கு ஏற்ப எடுங்கள். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிட்டால் இந்த வகைத் தவறு அடியோடு நின்றுவிடும்.

அளவு சரி என்றால் நிறப்பொருளைச் சந்தேகப்படுங்கள். பெயின்ட் கடையில் எமல்ஷனுக்கு விற்கும் பாட்டில் ஸ்டெயினரில் பெரும்பாலும் நீரும் கிளைக்கால் (glycol) என்ற திரவமும் இருக்கும். ஆக்ரிலிக், போஸ்டர் கலர் எல்லாம் நீர்தான். எபாக்சிக்குள் போன நீர் இறுக்கத்தைக் குலைத்துப் பால்போல் கலங்கவும் வைக்கும். ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணம் துளியளவு சேர்த்தால் பாதகமில்லை. கூடினால் அதிலுள்ள ஆளி எண்ணெய் பசையை மெத்தென்று ஆக்கிவிடும்.

மஞ்சள் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுப்படியில் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது அதுதான். எபாக்சியில் மஞ்சள் போட்டால் மஞ்சள் நிறம் வராது. ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காரத்தன்மை கொண்டது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் குங்குமச் சிவப்பாவது எல்லா வீட்டுக்கும் தெரியும், இங்கும் அதே வேதியியல்தான். அதுவும் நிலைக்காது, வெளிச்சம் பட்டால் வெளிறும். குங்குமம், ஹோலிப் பொடி, கேசரிப் பவுடர் எதையும் சேர்க்காதீர்கள்.

நம்பத்தக்கவை உலர்ந்த கனிமப் பொடிகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. வேலூர் லாங் பஜார் பக்கத்து பெயின்ட், ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள், தரைக்குப் போடும் அதே ஆக்சைடு பொடிதான். வாங்கி வந்ததும் தாம்பாளத்தில் பரப்பி நண்பகல் வெயிலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் வாங்கியதாக இருந்தால் கட்டாயம் உலர்த்துங்கள். நிறத்துக்கான பொடி மொத்த எடையில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும்: 18 கிராம் கலவைக்கு 1 கிராமுக்கும் குறைவு. கல்தூள், சலவைக்கல் தூள், மரத்தூள் ஆகியவை பருமன் சேர்க்கும் நிரப்பிகள். அவை முழுக்க உலர்ந்திருந்தால் இதைவிடப் பல மடங்கு தாங்கும்.

திருத்தம் ஒன்றுதான். மென்மையான எபாக்சியின் மேல் ஹார்டனர் தடவுவதோ, புதுக் கலவை பூசி மூடுவதோ உதவாது. பட்டி பிளேடால் சுரண்டி எடுங்கள், மிச்சத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள், காயவிட்டு மறுபடி தொடங்குங்கள். மார்கழி, தை இரவுக் குளிரில் பூசியிருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அளவும் கலப்பும் சரியென்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு பகல் இளவெயிலில் விட்டுப் பாருங்கள், தாமதமான இறுக்கம் வந்து சேரும்.

சுரண்டும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், அது ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் வரும். தின்னரால் கை கழுவும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அது பசையைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கிண்ணத்திலேயே சூடாகி உறைந்துவிடுகிறது

இது கத்திரி வெயில் காலத்து வேலூரின் பிரச்சினை. எபாக்சி இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் கிண்ணத்தில் குவிந்தால் இறுகல் இன்னும் வேகமெடுக்கும், வேகம் மேலும் வெப்பத்தைத் தரும். சுற்றுச்சூடு 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் கலவைக்கு மே மாதத்து 40 டிகிரியில் அரை மணி நேரம்தான் மிஞ்சும்.

எனவே விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். 20 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கலந்ததைக் கிண்ணத்தில் விடாமல் பழைய டைல்ஸ் துண்டின் மேல் மெல்லப் பரப்பி, அதிலிருந்து எடுத்துப் பூசுங்கள். ஐஸ் தண்ணீரில் கிண்ணத்தை வைக்கும் யோசனை வேண்டாம், குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் வியர்த்துக் கலவைக்குள் இறங்கும். புகையத் தொடங்கிவிட்டால் வெளியே மண் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள், குப்பைக்கூடையில் போடாதீர்கள். அப்படிச் சூடேறிய கலவை பழுப்பாகிவிடும், அதன் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வெயில் செய்யும் இன்னொரு வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக இறுகிய ஒட்டு, மொட்டைமாடிப் படியிலோ வாசல் கருங்கல்லிலோ மே மாதப் பிற்பகலில் மட்டும் மெத்தென்றாகி மாலையில் மறுபடி கெட்டியானால், அதில் கலவைத் தவறு எதுவும் இல்லை. வீட்டு உபயோக எபாக்சிகளில் பல 50, 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். கறுப்பு ஆக்சைடு சேர்த்த பரப்பு நேர் வெயிலில் அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். அங்கே எடை தாங்கும் ஒட்டுக்கு இந்தப் பசையை நம்ப வேண்டாம்.

மேலே வெள்ளைப் படலம், தொட்டால் வழவழப்பு

ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் வருவது. காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரின் அமீனோடு வினைபுரிந்து மெழுகுபோல் ஒரு படலம் கட்டும். அடர்நிறக் கலவையில் இது சாம்பல் பூத்ததுபோல் தெரிவதால், நிறம் வெளிறிவிட்டதென்று நினைத்து மேலே இன்னொரு பூச்சு போட்டுவிடுகிறார்கள். அந்தப் பூச்சு பிடிக்காது, உரிந்து வரும்.

இந்தப் படலம் நீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். தேய்த்துக் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றி, காய்ந்தபின் உப்புத்தாள் போடுங்கள். உப்புத்தாளை முதலில் போட்டால் படலம் தேய்ந்து கீறல்களுக்குள் அடைந்துகொள்ளும். தின்னர் அதை இழுகிப் பரப்பும். அடுத்த முறை, மழை விட்டு வெயில் அடித்த நாளில் முற்பகலில் பூசுங்கள், இரவின் ஈரம் இறங்குவதற்குள் மேற்பரப்பு இறுகத் தொடங்கியிருக்கும்.

நிறம் நினைத்ததைவிட இருண்டுவிட்டது

முயன்றவர்களில் பெரும்பாலோர் முட்டி நிற்பது இங்கேதான். அதே கல்லை இடித்துத் தூளாக்கி, அதே தூளைக் கலந்தும் நிறம் சேரவில்லையே என்பார்கள். தவறு அவர்களுடையதல்ல.

உலர்ந்த கல்லின் மேல் ஈர விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுக்கும். தூளின் துகள்களுக்கு இடையே காற்று இருக்கும்வரை ஒளி சிதறி நிறம் வெளிறித் தெரியும், காற்றின் இடத்தை நீர் பிடித்தால் சிதறல் குறைந்து நிறம் இருளும். எபாக்சியும் அந்த இடத்தை நிரப்புகிறது, ஆனால் நீர்போல் காய்ந்து போவதில்லை. ஆகவே கல்தூள் போட்ட எபாக்சி என்றைக்கும் நனைந்த கல்லின் நிறத்திலேயே நிற்கும்.

பாலிஷ் போட்ட கிரானைட்டுக்கு இது ஏறக்குறைய சரியாகவே அமையும், ஏனென்றால் பாலிஷும் கல்லின் நனைந்த நிறத்தைத்தான் காட்டுகிறது. உளியால் கொத்திய வாசற்படிக்குத்தான் ஒவ்வாது. அதற்குக் கல்தூளோடு சலவைக்கல் தூளைப் பாதிக்குப் பாதி வரை சேர்த்து, டைட்டானியம் வெள்ளையை ஊசிமுனை அளவில் கூட்டிக்கொண்டே வாருங்கள். வெள்ளை அதிகமானால் ஒளி உள்ளே போகாமல் சுவர்ப்பட்டி அப்பியதுபோல் தட்டையாகத் தெரியும், அதனால் எல்லாவற்றையும் வெள்ளையை வைத்தே சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பூசி முடித்து, விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது மேலே உலர்ந்த கல்தூளைத் தூவி மெல்ல அழுத்துங்கள். அந்த மேல்துகள்கள் முழுக்க நனைவதில்லை, கல்லின் உலர்ந்த நிறம் அவற்றில் கிடைக்கும்.

கருங்கல்லுக்கு ஒரே சாம்பல் நிறத்தில் கலவை செய்வதும் இன்னொரு பிழை. கல்லை அருகில் வைத்துப் பாருங்கள், கறுப்பு, வெளிர் சாம்பல், சில கற்களில் இளஞ்சிவப்பு என்று பல மணிகள் சேர்ந்ததுதான் அது. இரண்டு மூன்று நிறத்தில் சிறுசிறு கலவை செய்து, குச்சிமுனையால் பக்கம் பக்கமாகப் புள்ளி வைத்தால் கண் ஏற்றுக்கொள்ளும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் முடிந்தபின் உடைந்த இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும்.

தேக்கில் நிலைமை தலைகீழ். கதவில் பிறகு பாலிஷ் ஏறப்போகிறது, அப்போது மரம் இருளும். இறுகிய எபாக்சி சாயத்தையோ பாலிஷின் நிறத்தையோ குடிக்காது, அன்று இருந்த நிறத்திலேயே நிற்கும். எனவே உலர்ந்த மரத்தைப் பார்த்து நிறம் சேர்க்காதீர்கள். டர்பன்டைன் நனைத்த துணியால் மரத்தைத் துடைத்து, அது ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறத்துக்குக் கலவையைச் சேருங்கள். அதே மரத்தின் தூள் எபாக்சியில் மரத்தைவிடக் கறுத்துப் போகும். வெளிறிய மரத்தூளைப் பாதி சேர்த்து, மரத்தின் ரேகைகளில் எது வெளிர்நிறமோ அதற்கு ஒப்பாக நிரப்புங்கள். கறுத்த ரேகைகளை இறுகியபின் மெல்லிய தூரிகையால் மேலே வரையலாம். இருட்டாக நிரப்பிவிட்டு மேலே வெளிர்நிறம் வரைந்தால் எடுபடாது.

சிவப்பு ஆக்சைடு தரையில் கடையிலிருந்து வந்த பொடியை அப்படியே போட்டால் நிறம் பளிச்சென்று கூவும். தரையின் சிவப்புக்குள் சிமென்ட்டின் சாம்பல் கலந்திருக்கிறது, காலடி பட்ட மங்கல் வேறு. உலர்ந்த சிமென்ட் ஒரு சிட்டிகை, கறுப்பு ஆக்சைடு கத்திமுனை அளவு, சிறிது மஞ்சள் ஆக்சைடு சேர்த்தால் அடங்கி வரும். நடைபாதையில் உள்ள சிவப்பும் சுவரோரச் சிவப்பும் ஒன்றல்ல, கீறல் எந்த இடத்தில் ஓடுகிறதோ அந்த இடத்தைப் பார்த்துக் கலக்குங்கள். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒத்துப்போன இரண்டு சிவப்பு காலையில் ஜன்னலைத் திறந்ததும் பிரிந்து நிற்கும்.

ஏற்கெனவே இருண்டு இறுகிவிட்டதா? பெயர்க்க வேண்டாம். மேலே 1 அல்லது 2 மில்லிமீட்டர் தேய்த்துக் குழியாக்கி, தூசி துடைத்து, வெளிறிய கலவையை அதில் நிரப்புங்கள். அடியில் உள்ளது கெட்டியான அடித்தளமாக இருந்துவிட்டுப் போகட்டும். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம், கல்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வெள்ளை, பாலேடு நிறமாகிறது

பூசிய அன்றே அப்படித் தெரிந்தால் ஹார்டனரின் இயல்பு நிறம் காரணம். பல வகைகளில் அது தேன் நிறத்தில் இருக்கும், நீலத்தோடு சேர்ந்தால் பச்சை சாயல்கூடத் தரும். ரெசினில் மட்டும் நிறத்தைச் சேர்த்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், கடுகளவு ஹார்டனர் விட்டுப் பார்த்த பிறகே நிறத்தை முடிவுசெய்யுங்கள். சில மாதங்களில் மெல்ல மஞ்சளேறினால் அது சூரியனின் புறஊதாக் கதிரின் வேலை. வாஷ்பேசின், வெள்ளை மொசைக் போன்றவற்றுக்குத் தெளிவான வகை எபாக்சியை எடுங்கள். வெயில் படும் இடமானால் புறஊதாக் கதிரைத் தாங்கும் பாலியூரித்தேன் பூச்சு ஒன்று மேலே போடுங்கள். சிவப்பு, கறுப்பு, தேக்கு நிறங்களில் இந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது.

புள்ளி, கோடு, அடியில் தங்கிய நிறம்

பொடி கட்டியாகவே இருந்துவிட்டது. கொதிக்கும் தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டிய ரவை எப்படித் திரளுமோ அப்படி, வெளியே நனைந்து உள்ளே உலர்ந்த உருண்டைகள். உப்புத்தாள் போடும்போது அவை உடைந்து கோடு இழுக்கும். மெல்லிய வேட்டித் துணியில் பொடியைச் சலித்து, ஹார்டனர் சேர்க்கும் முன் சில துளி ரெசினில் டைல்ஸ் மேல் வைத்துக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அரைத்து மை பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த மையை மீதி ரெசினில் கரையுங்கள். அரைத்த துளிகளின் எடையும் ரெசின் கணக்கில் இருக்க வேண்டும்.

இரும்பு ஆக்சைடு கனமானது, நீர்த்த கலவையில் அடியில் இறங்கும். முகத்துக்குப் போடும் டால்கம் அல்லது சிலிக்கா பொடி சேர்த்துக் குழம்பைக் கெட்டியாக்கினால் இறங்காது, நிலையின் செங்குத்துப் பரப்பில் வழியவும் செய்யாது.

கீறலைச் சுற்றிக் கறை, அல்லது ஓரம் பிரிந்து வருகிறது

கறை என்றால் ரெசின் பக்கத்துக் கல்லுக்குள்ளோ மரத்துக்குள்ளோ ஊறியிருக்கிறது. ஊறியதை எடுப்பது மிகக் கடினம், எனவே முன்கூட்டியே இரு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கலவை இளகலாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலவை இறுகத் தொடங்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள்.

ஓரம் பிரிந்தால் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். ஆக்சைடு தரைக்குத் தேங்காய் எண்ணெயும் மெழுகும், கதவுக்கு நல்லெண்ணெயும் ஆண்டுக்கணக்கில் தேய்த்திருப்பார்கள். பூஜை அறை நிலையில் விளக்குப் புகையும் சேர்ந்திருக்கும். சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைத்து, அசிட்டோன் நனைத்த துணியால், துணியில் அழுக்கு ஒட்டாத நிலை வரும்வரை துடைத்து, கீறலின் உள்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். முதலில் நிரப்பி சேர்க்காத கலவையை மெல்லத் தடவி ஈரப்படுத்திவிட்டுப் பிறகு கெட்டிக் கலவையை அழுத்துங்கள். தூள் மிகுந்த கெட்டிக் கலவையில் ஒட்டுவதற்குப் போதிய ரெசின் மிச்சமிருக்காது.

அடைத்த கீறலுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று விழுந்தால் தரை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, பசையால் அதைத் தடுக்க முடியாது. சுண்ணாம்புக் காரைச் சுவரில் எபாக்சியை வைக்கவே வைக்காதீர்கள். காரை மூச்சுவிடும் பொருள், எபாக்சி அதன் ஈரத்தை அடைத்துவிடும், சுற்றியுள்ள காரை பொரிந்து விழும். அங்கே சுண்ணாம்புதான் மருந்து. அம்மி, உரல், சாப்பாடு படும் பாத்திரம் எதற்கும் இந்தக் கலவை ஆகாது.

நிறம் ஒத்திருக்கிறது, ஆனாலும் கண்ணில் படுகிறது

பளபளப்பு ஒத்துப்போகவில்லை. இறுகி ஒரு நாள் கழித்து 220 எண் உப்புத்தாளில் (எண் கூடக்கூட நயம்) தொடங்கி, கொத்திய கல்லுக்கு 320இல் நிறுத்துங்கள். பழைய ஆக்சைடு தரைக்கு 600 வரை போங்கள். பாலிஷ் கிரானைட்டுக்கு நீர் விட்டு 2000 வரை தேய்க்க வேண்டும். தேய்த்ததும் பரப்பு வெளிறித் தெரியும், அதைப் பார்த்து நிறம் தப்பியதென்று எண்ணிவிடாதீர்கள். தரையாக இருந்தால் வழக்கமான மெழுகையோ எண்ணெயையோ சுற்றுப்புறத்தோடு சேர்த்துத் தேய்த்த பிறகு ஒப்பிடுங்கள். கதவாக இருந்தால் முதல் கை பாலிஷ் காயும்வரை பொறுங்கள்.